எப்போதாவது மட்டும் நின்றுபோகும் டிவி பதிவு மென்பொருள்: காரணத்தைப் பிடிப்பது எப்படி

கேள்வி இதுதான்: எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் கணினியில், இரண்டு யுஎஸ்பி ட்யூனர்களையும் (டிவி ஒளிபரப்பைப் பிடித்துக் கணினிக்குத் தரும் கருவிகள்) ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கையும் வைத்து, டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வருகிறீர்கள். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, பின்னணியில் இயங்கும் பதிவுச் சேவை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. நிகழ்ச்சி பதிவாகவில்லை, அல்லது பாதியில் அறுந்துவிட்டது என்பது மறுநாள் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது. சேவையை மறுபடி தொடங்கினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. லாக்கில், அதாவது மென்பொருள் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் கோப்பில், பிழை என்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். தினமும் நிற்கும் மென்பொருளென்றால் புதிதாக நிறுவிப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. மறுநாளே விடை தெரிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிற்கும் மென்பொருளில் அந்த வசதி இல்லை. நிறுவி முடித்தபின் மூன்று வாரம் ஒழுங்காக ஓடினால், அது குணமானதால் ஓடியதா, தற்செயலாக ஓடியதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குள் பழைய லாக்குகளும், பழைய அமைப்புகளும், எந்தப் பதிப்பில் நின்றது என்ற தகவலும் போயிருக்கும். அரிதாக வரும் கோளாறில் விலை உயர்ந்த பொருள் நேரம்தான்: ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று வாரம் கொடுக்க வேண்டியிருப்பதால், வருடத்துக்குப் பதினேழு சோதனைகளுக்கு மேல் உங்களுக்குக் கிடைக்காது. எனவே இப்போது செய்ய வேண்டியது எதையும் சரிசெய்வதல்ல. அடுத்த முறை அது நிற்கும்போது அந்த ஒரே ஒரு சம்பவத்திலிருந்து முழு விவரமும் கிடைக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதுதான். நீங்கள் பயன்படுத்துவது மித்டிவியோ, டிவிஹெட்எண்டோ, நெக்ஸ்ட்பிவிஆரோ, எதுவானாலும் இது பொருந்தும்.

முதலில் ‘நின்றுவிட்டது’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து ஒன்றுபோல் தெரியும் நான்கு வெவ்வேறு நிலைமைகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. மென்பொருள் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டு, அதனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலால் நிறுத்தப்படுவது ஒன்று. இதைத்தான் செக்மென்டேஷன் ஃபால்ட் என்கிறோம், இது சிக்னல் 11 (சிக்னல் என்பது இயங்கும் மென்பொருளுக்கு அனுப்பப்படும் எண்ணிட்ட அறிவிப்பு). உள்ளே ஏதோ பொருந்தவில்லை என்று மென்பொருளே கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொள்வது இரண்டாவது. இது சிக்னல் 6. கணினியில் ரேம் தீர்ந்துபோய், கெர்னல் பெரிய செயல் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொல்வது மூன்றாவது. இது சிக்னல் 9. நான்காவது, உண்மையில் நிற்கவே இல்லாதது: சேவை உயிரோடுதான் இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு இழைகள் (ஒரே மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு உறைந்துபோயிருக்கும், அல்லது ட்யூனர் கணினியிலிருந்து காணாமல் போயிருக்கும். சேவை எந்தக் குறியீட்டோடு முடிந்தது என்பதைப் பார்த்தாலே முதல் மூன்றையும் பிரித்துவிடலாம். வெளியேறும் எண் 139 என்றால் சிக்னல் 11, 134 என்றால் 6, 137 என்றால் 9. சிக்னல் எண்ணோடு 128ஐக் கூட்டி வருவதுதான் இந்த எண். பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் சேவையின் நிலையைக் கேட்டால் அதுவே சிக்னலின் பெயரைச் சொல்லிவிடும்.

லாக்கில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அது வியப்பில்லை. செக்மென்டேஷன் ஃபால்ட் ஏற்படும் கணத்தில் மென்பொருளுக்குத் தன் லாக்கில் ஒரு வரி எழுதும் அவகாசம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. போதாததற்கு, அதுவரை எழுதி இன்னும் வட்டுக்குப் போகாமல் இடைநினைவகத்தில் இருந்த கடைசிச் சில வரிகளும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் பதிவு மென்பொருளின் லாக் அல்ல, கெர்னலின் லாக். அங்கே ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்: ‘ரெக்கார்டர்[2311]: செக்ஃபால்ட் அட் 18, எரர் 4’, அதன் பின்னால் எந்த நூலகக் கோப்புக்குள் நடந்தது என்ற பெயர். இந்த ஒரு வரியிலேயே நிறைய இருக்கிறது. 18 என்பது மென்பொருள் தொட முயன்ற முகவரி. அது பதினாறடிமான எண், அதாவது 24. நினைவகத்தின் அடிமட்டத்தில் இவ்வளவு சிறிய முகவரியில் எந்த மென்பொருளுக்கும் இடம் கிடையாது. எனவே ஏதோ ஒரு பொருளின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளியுள்ள விவரத்தைப் படிக்கப் போயிருக்கிறது, அந்தப் பொருளோ இல்லவே இல்லை, அதன் முகவரி சுழியமாக இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். எரர் 4 என்றால் படிக்கும்போது நடந்தது, 6 என்றால் எழுதும்போது நடந்தது. முகவரி சிறியதாக இல்லாமல் பொருளற்ற நீண்ட எண்ணாக இருந்தால் கதை வேறு. ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தியதாகவோ, யாரோ மேலே எழுதிவிட்டதாகவோ சந்தேகிக்க வேண்டும். கடந்த மாதங்களின் கெர்னல் லாக் இன்னும் அழியாமல் இருந்தால், இன்றே போய்ப் பழைய நின்றுபோதல்களின் வரிகளைத் தேடுங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் லாக் நிலைத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். பல கணினிகளில் அது ரேமில் மட்டுமே தங்கி, கணினியை அணைத்ததும் போய்விடுகிறது.

அந்த வரி ஒரு துப்பு மட்டுமே. முழுச் சாட்சி கோர் டம்ப் என்ற கோப்பு. மென்பொருள் இறந்த கணத்தில் அதன் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து வைக்கப்பட்ட பிரதி அது. இதை இயக்கி வைப்பது பத்து நிமிட வேலைதான், ஆனால் அதில் தவறிப்போகும் இடங்கள் சில உள்ளன, அவை எல்லாமே மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் தெரியவரும் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சேவையின் அமைப்புக் கோப்பில் கோர் டம்ப்பின் அளவு வரம்பு சுழியமாக இருக்கலாம். அதை வரம்பின்மையாக மாற்ற வேண்டும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராகத் தொடங்கிப் பிறகு சாதாரணப் பயனராக மாறிக்கொள்ளும் சேவைகளுக்கு, பாதுகாப்புக் கருதிக் கெர்னல் கோர் டம்ப் எடுக்க மறுத்துவிடும். அப்படியானால் தொடக்கத்திலிருந்தே அந்தச் சாதாரணப் பயனராகவே சேவையைத் தொடங்கும்படி மாற்றிக்கொள்ளலாம். சிஸ்டம்டி சேகரித்து வைக்கும் கோர் டம்ப்புகள் பதிப்பைப் பொறுத்துச் சில நாட்களிலோ இரண்டு வாரத்திலோ தாமாக அழிக்கப்படும். நீங்கள் வெளியூரில் இருந்து திரும்பி வரும்போது கோப்பு இருக்காது, எனவே அந்தக் காலவரம்பை நீட்டி வையுங்கள். எல்லாவற்றையும் செய்து முடித்தபின், பதிவு எதுவும் நடக்காத ஒரு நேரத்தில் சேவைக்கு நீங்களே சிக்னல் 11ஐ அனுப்பிக் கொன்று பார்த்து, கோப்பு உண்மையிலேயே விழுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்த்தவர்கள் பலர் மறுபடி மூன்று வாரம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோர் டம்ப்பை மனிதர் படிக்கும்படி ஆக்க, அதே பதிப்புக்கான பிழைதிருத்தக் குறியீடுகள் வேண்டும், அதாவது நினைவக முகவரிகளை மூல நிரலின் பெயர்களோடும் வரிகளோடும் இணைக்கும் கோப்புகள். டெபியன் வகை லினக்ஸ்களிலும் ஃபெடோராவிலும் இவை தனித் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. இங்கே ‘அதே பதிப்பு’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மென்பொருள் நின்ற அன்று இரவே தானியங்கிப் புதுப்பித்தல் ஓடி, மென்பொருளோ அது சார்ந்த நூலகங்களோ மாறிவிட்டால், கையில் உள்ள கோர் டம்ப் புதிய கோப்புகளோடு பொருந்தாது. முகவரிகள் எல்லாம் வேறு இடத்தைக் காட்டும். எனவே காரணம் பிடிபடும்வரை தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தி வையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தேவைப்பட்டால், கையால், தேதியைக் குறித்துக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தேதிகளே பிற்பாடு துப்பாகவும் பயன்படும்.

ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் கோர் டம்ப்பைத் திறந்து, எல்லா இழைகளுக்குமான அழைப்புத் தடத்தையும் (எந்த வழியாக எந்த இடத்துக்கு வந்து நின்றது என்ற பட்டியல்) கேளுங்கள். பதிவுச் சேவை ஒன்றில் இருபது, முப்பது இழைகள் இருப்பது சாதாரணம்: ஒவ்வொரு ட்யூனருக்கும் படிக்கும் இழை ஒன்று, வட்டில் எழுதும் இழை ஒன்று, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் இழை, நிகழ்ச்சி விவரங்களைச் சேகரிக்கும் இழை என்று. இறந்த இழையின் தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் கொலை செய்தது பல நேரங்களில் பக்கத்து இழையாக இருக்கும். ஒரு இழை ட்யூனரை மூடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இன்னொரு இழை அதிலிருந்து படித்துக்கொண்டிருப்பதை, எல்லாத் தடங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் காண முடியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ற அரிய இடைவெளிக்கு இப்படிப்பட்ட மோதல்களே மிகப் பொதுவான காரணம்: ஆயிரக்கணக்கான முறை சரியாக நடக்கும் ஒன்று, இரண்டு இழைகள் சில மைக்ரோவிநாடி இடைவெளியில் ஒரே பொருளைத் தொடும்போது மட்டும் தவறுகிறது.

ஒரு கோர் டம்ப் கிடைத்தவுடன் தீர்ப்புக்குப் போய்விடாதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சொல்வதே முக்கியம். மூன்றும் நிரலின் ஒரே செயற்கூற்றில் (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி), ஒரே வரியில் நின்றிருந்தால் குற்றம் மென்பொருளில்தான், அல்லது மென்பொருளுக்குக் கொடுக்கப்படும் தரவில். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில், ஆனால் எப்போதும் நினைவகத்தை ஒதுக்கும் அல்லது விடுவிக்கும் செயற்கூற்றுக்குள் நின்றிருந்தால், வேறெங்கோ ஒரு குறை நினைவகத்தின் கணக்கேட்டைக் கெடுத்துவிட்டு நகர்ந்திருக்கிறது. நிற்கும் இடம் அதற்குப் பலியானவரின் இடம். இதற்கு அட்ரஸ்சானிடைசர் என்ற சோதனைக் கருவியோடு மென்பொருளை மறுபடி தொகுத்து ஓட்டுவதே நேர்வழி. வேகம் சுமார் பாதியாகக் குறைந்தாலும், பதிவு செய்வது என்பது கணக்கிடும் வேலை அதிகமில்லாத பணி என்பதால் தாங்கிக்கொள்ளும். இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான வால்கிரைண்ட் இருபது, முப்பது மடங்கு மெதுவாக்கிவிடும் என்பதால் நேரலையைப் பதிவு செய்யும் கணினிக்கு அது சரிவராது. மூன்றும் முற்றிலும் சிதறி, பதிவு மென்பொருள் தவிர வேறு செயல்களும் அவ்வப்போது விழுகின்றன என்றால், மென்பொருளை விட்டுவிட்டு ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தாமல், ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். சூடேறிய பிறகு மட்டும் தவறும் ஒரு பிட் முதல் சுற்றில் அகப்படாது. எத்தனை சுற்றில் எத்தனை பிழை என்றெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை, ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது.

சிக்னல் 9ஆல் கொல்லப்பட்டிருந்தால் பாதை வேறு, சுலபமும் கூட. கெர்னல் லாக்கில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கும் வரி இருக்கும். கொல்லப்பட்டவர்தான் நினைவகத்தைத் தின்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். விளம்பரங்களைக் கண்டறியும் துணைச் செயலோ தரவுத்தளமோ தின்றிருக்க, பதிவுச் சேவை பலியாகியிருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கியமான செயல்கள் ஒவ்வொன்றும் பிடித்திருக்கும் ரேமின் அளவையும், அவை திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் எண்ணிக்கையையும் தேதி, நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும் சிறு கட்டளைத் தொகுப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் அந்த எண்கள் படிப்படியாக ஏறுகின்றனவா, ஏறி இறங்குகின்றனவா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நாளுக்கு 80 மெகாபைட் கசிந்தால் 2 ஜிகாபைட் மிச்சம் இருக்கும் கணினி இருபத்தைந்து நாளில் விழும். உங்கள் மூன்று வாரக் கணக்கு இப்படி ஒரு கசிவிலிருந்து வந்திருக்கவும் கூடும். கோப்புகளின் எண்ணிக்கையையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், பல கணினிகளில் ஒரு செயல் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு 1024. அதைத் தொட்டவுடன் புதிய பதிவுக் கோப்பைத் திறக்க முடியாமல் போகும், அந்தத் தோல்வியை ஒழுங்காகக் கையாளாத மென்பொருள் அங்கேயே விழும்.

இனி, அதிகம் கவனிக்கப்படாத ஒரு காரணத்துக்கு வருகிறேன். பதிவு மென்பொருள் மற்ற மென்பொருள்களைப் போன்றதல்ல. அது உண்ணும் தரவு, காற்றிலோ கேபிளிலோ வந்து, வழியில் சேதமடையக்கூடியது. டிஜிட்டல் டிவி ஒளிபரப்பு 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொன்றும் பதினாறடிமானத்தில் 47 என்ற பைட்டோடு தொடங்கும், ஒவ்வொன்றிலும் 0 முதல் 15 வரை சுழலும் ஒரு வரிசை எண் இருக்கும். அந்த வரிசை எண்ணில் இடைவெளி விழுந்தால் பொட்டலம் தொலைந்தது என்று பொருள், பெரும்பாலான மென்பொருள்கள் அதைத் தொடர்ச்சிப் பிழை என்று எண்ணி வைக்கும். அலைவரிசைப் பட்டியல், நிகழ்ச்சி விவரம் போன்ற அட்டவணைகளின் முடிவில் 32 பிட் சரிபார்ப்பு எண் இருப்பதால், சேதமான அட்டவணையை மென்பொருள் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் வீடியோவுக்கு அப்படிப்பட்ட சரிபார்ப்பு எண் கிடையாது. ட்யூனரின் பிழைதிருத்தத்தைத் தாண்டி வந்த சேதமான பைட்டுகள், நேராக வீடியோவின் தலைப்பகுதியைப் படிக்கும் செயற்கூற்றுக்குள் போகின்றன. பதிவு மட்டும்தானே செய்கிறது, வீடியோவை ஏன் படிக்க வேண்டும் என்று தோன்றலாம். முன்னும் பின்னும் தாவிப் பார்ப்பதற்கான குறிகளை இட, பல மென்பொருள்கள் பதிவின்போதே முழுச்சட்டகங்கள் (மற்றவற்றைச் சாராமல் தானே முழுமையாக உள்ள படங்கள்) எங்கே தொடங்குகின்றன என்று தேடிக் குறித்துக்கொள்கின்றன.

என் கணினியில் நடந்தது இதுதான். மாதத்துக்கு இரண்டு முறை நின்றுகொண்டிருந்தது. மூன்று கோர் டம்ப்புகள் சேர்ந்தபோது, மூன்றும் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட வீடியோவின் தலைப்பகுதியிலிருந்து படத்தின் அளவைக் கணக்கிடும் ஒரே செயற்கூற்றில் நின்றிருந்தன. பிழைதிருத்தியில் அந்தச் செயற்கூற்றின் மாறிகளைப் பார்த்தேன். படிக்க வேண்டிய துண்டின் நீளம் 31 பைட்; ஆனால் உள்ளேயிருந்த ஒரு எண்ணிக்கை, இன்னும் பல்லாயிரம் உருப்படிகள் பாக்கி இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது, செயற்கூறும் அதை நம்பித் துண்டின் எல்லையைத் தாண்டிப் படித்துக்கொண்டே போயிருந்தது. தலைப்பகுதியில் உள்ள எண்கள் மாறும் நீளமுள்ள குறியீட்டில் எழுதப்படுபவை; அதில் ஒரு பிட் புரண்டால் 3 என்பது மிகப் பெரிய எண்ணாகிவிடும். சரி, அந்தப் பிட் ஏன் புரண்டது? மூன்று முறையும் நின்ற நேரத்துக்கு ஒரு விநாடிக்குள் லாக்கில் தொடர்ச்சிப் பிழைகள் கொத்தாக இருந்தன. அதுபோன்ற கொத்துகள் நிற்காத நாட்களிலும் இருந்தன. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய கடிகாரம்போல். வீட்டில் அந்த இடைவெளியில் இயங்குவது எது என்று யோசித்தபோது, அடுத்த அறையில் இருந்த குளிர்பதனப் பெட்டி நினைவுக்கு வந்தது. அதன் மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ட்யூனர் சில பொட்டலங்களை இழந்துகொண்டிருந்தது. ஆண்டெனா கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்பின்னல் கம்பிகள் இணைப்பியின் உலோகத்தைத் தொடாமல் மடங்கிக் கிடந்தன, காப்பு என்பதே அங்கு இல்லை. முனையை வெட்டிப் புதிய இணைப்பியைப் பொருத்தியதும் தொடர்ச்சிப் பிழைகள் அன்றோடு நின்றன, மென்பொருள் நிற்பதும் நின்றது.

ஆனால் இதில் இரண்டு குறைகள் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். கேபிள் சரியானதால் மென்பொருள் சரியானதாகிவிடாது. சேதமான தரவு வந்தால் அதை விட்டுவிட்டுத் தொடர்வதே பதிவு மென்பொருளின் கடமை, விழுந்துவிடுவதல்ல. நின்றுபோன பதிவின் அரைகுறைக் கோப்பை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அதன் கடைசிச் சில மெகாபைட்டை வெட்டியெடுத்து அந்தச் செயற்கூற்றுக்குக் கொடுத்தபோது ஒவ்வொரு முறையும் விழுந்தது. மாதம் இருமுறை வந்த கோளாறு, விரும்பியபோதெல்லாம் வரவழைக்கக்கூடிய கோளாறாக மாறியது அந்தக் கணத்தில்தான். எல்லைச் சரிபார்ப்பைச் சேர்க்கும் திருத்தம் அதன்பிறகு சில வரிகளில் முடிந்துவிட்டது. எனவே பாதியில் அறுந்த பதிவுகளைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அவற்றின் கடைசிப் பகுதியில் கோளாறைத் தூண்டிய பைட்டுகளே இருக்கலாம். ட்யூனர் காட்டும் சிக்னல் வலிமையை மட்டும் நம்பவும் வேண்டாம். வலிமை 90 சதவீதம் என்று காட்டும்போதே இரைச்சல் விகிதம் மோசமாக இருக்கக்கூடும். பார்க்க வேண்டியவை திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கையும் தொடர்ச்சிப் பிழைகளும்.

யுஎஸ்பி ட்யூனர்கள் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நின்ற நேரத்தை ஒட்டிக் கெர்னல் லாக்கில் யுஎஸ்பி கருவி துண்டிக்கப்பட்டது என்ற செய்தியும், அடுத்த விநாடியே புதிய எண்ணோடு மீண்டும் சேர்ந்தது என்ற செய்தியும் இருந்தால், ட்யூனர் கணநேரம் காணாமல் போயிருக்கிறது, மென்பொருள் அதைத் தாங்கவில்லை. யுஎஸ்பி 2.0 இணைப்பு ஒன்று தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர் மட்டுமே. இரண்டு ட்யூனர்களைத் தனி மின்சாரம் இல்லாத ஒரே ஹப்பில் (ஒரு யுஎஸ்பி இணைப்பைப் பலவாக்கும் கருவி) செருகியிருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் அரிய வேளைகளில் மட்டும் அது போதாமல் போகும். தனி மின்சாரம் உள்ள ஹப்புக்கு மாற்றுவதும், சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும் கெர்னல் வசதியை நிறுத்துவதும் இதற்கு மருந்து. ட்யூனரைத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் காற்றோட்டம் போதவில்லை.

ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம். வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு எதிரே சுழியம் இருக்க வேண்டும். 199 ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றம் டேட்டா கேபிளில். மோசமான பகுதி ஒன்றைப் படிக்க வட்டு பல விநாடிகள் தடுமாறும்போது, எழுத வேண்டிய தரவு ரேமில் குவிகிறது. அமெரிக்க டிஜிட்டல் டிவி முறையான ஏடிஎஸ்சியில் அலைவரிசை ஒன்றின் முழுத் தரவு விநாடிக்கு 19.39 மெகாபிட், அதாவது மணிக்குச் சுமார் 8.7 ஜிகாபைட், இரண்டு ட்யூனர்களும் ஓடும்போது இருபது விநாடித் தடுமாற்றத்தில் கிட்டத்தட்ட 100 மெகாபைட் தேங்கிவிடும், இடைநினைவகம் அதற்கு இடங்கொடுக்காது. மிகப் பெரிய பழைய பதிவுகளைத் தானாக அழிக்கும் நேரமும் நின்ற நேரமும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். தரவுத்தளத்தில் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகை அட்டவணைகள் இன்னும் இருந்தால், திடீரென மின்சாரம் போகும்போது அவை சேதமடையக்கூடியவை என்பதால், ஒருமுறை சரிபார்த்து வைப்பது நல்லது.

இத்தனை ஏற்பாடும் செய்தபின், நின்ற ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: நேரம் விநாடி வரை, அப்போது எத்தனை பதிவுகள் நடந்தன, எந்த அலைவரிசைகள், யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்களா, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் ஏதாவது தொடங்கியதா அல்லது முடிந்ததா. நான்கு வரிகள் சேர்ந்தாலே வடிவம் தெரியத் தொடங்கும். எப்போதும் எந்தப் பதிவும் நடக்காத வேளையில் நிற்கிறதென்றால், ட்யூனர் சும்மா இருக்கும்போது அலைவரிசை அலைவரிசையாகச் சென்று நிகழ்ச்சி விவரங்களைச் சேகரிக்கும் வசதியைச் சந்தேகியுங்கள். எப்போதும் ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்கும் மணி நேர எல்லையில் நிற்கிறதென்றால், நான் முன்பு சொன்ன இழைகளின் மோதல். அப்படி ஒரு சந்தேகம் வந்தவுடன் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சூழலை வலிந்து உண்டாக்கலாம். இரண்டு நிமிடப் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ட்யூனர்களிலும் அட்டவணையிட்டு ஓர் இரவு ஓட விட்டால், சாதாரணமாக ஒரு மாதத்தில் நடக்கும் தொடக்கங்களும் முடிவுகளும் பத்து மணி நேரத்தில் நடந்துவிடும்.

வலிந்து வரவழைக்க முடியாமல், ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டுக் காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றால், எவ்வளவு நாள் என்பதைக் கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலாக, சராசரியாக 14 நாட்களுக்கு ஒருமுறை வரும் கோளாறு, நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும், 14 நாட்கள் வராமல் இருப்பதற்கு 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 28 நாட்கள் வராமல் இருக்க 14 சதவீதம். 42 நாட்கள் வராமல் இருக்க 5 சதவீதம். ஆகவே சராசரி இடைவெளியைப் போல் மூன்று மடங்கு காலம் நிற்காமல் ஓடிய பிறகே, செய்த மாற்றம் வேலை செய்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அந்தக் காலம் முழுவதும் வேறொன்றையும் மாற்றக் கூடாது. கேபிளையும் மாற்றி, ஹப்பையும் மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு, பிறகு சரியாகிவிட்டது என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் மறுபடி வந்தால் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள்.

இதற்கிடையில் நிகழ்ச்சிகளை இழக்கவும் வேண்டியதில்லை. சேவை தோல்வியோடு முடிந்தால் சில விநாடிகளில் தானே மீண்டும் தொடங்கும்படி சிஸ்டம்டியில் சொல்லி வையுங்கள். மீதி நிகழ்ச்சியையாவது பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தொடங்கும்போதே உங்களுக்கு ஒரு செய்தி வரும்படியும் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது நின்று எழுந்ததே உங்களுக்குத் தெரியாமல் போய்க் கணக்குத் தப்பிவிடும். நான்காவது வகையான உறைந்துபோதலுக்கு இந்த ஏற்பாடு உதவாது. அங்கே சேவையை மறுதொடக்கம் செய்வதற்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும் செயலோடு ஜிடிபியை இணைத்து எல்லா இழைகளின் தடத்தையும் ஒரு கோப்பில் எடுத்துவிடுங்கள். மறுதொடக்கம் செய்த விநாடியில் அந்தச் சாட்சியம் போய்விடும். வீட்டில் உள்ள மற்றவர்களும் செய்யக்கூடியபடி, அந்தக் கட்டளையை ஒரே சொல்லில் ஓடும் சிறு நிரலாக வைப்பது நல்லது.

காரணம் மென்பொருளில்தான் என்று தெரிந்தால், உருவாக்குபவர்களிடம் தெரிவியுங்கள்: சரியான பதிப்பு எண், எல்லா இழைகளின் அழைப்புத் தடம், நின்றதற்கு முந்தைய பத்து நிமிட லாக், நீங்கள் தாளில் எழுதிய விவரங்கள், முடிந்தால் அறுந்த பதிவின் கடைசித் துண்டு. கோர் டம்ப் கோப்பை மட்டும் பொதுவெளியில் ஏற்றாதீர்கள். அது மென்பொருளின் முழு நினைவகப் பிரதி என்பதால் உங்கள் தரவுத்தளக் கடவுச்சொல்லும் அதற்குள் எழுத்து எழுத்தாக இருக்கக்கூடும். அவர்கள் கேட்டால் நம்பிக்கையானவருக்குத் தனியாக அனுப்பலாம், அனுப்பிய பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்.